பத்தாம் நம்பரை என்ன செய்வது?

மதுரைக்கு அருகே மேலூர் பக்கம் நடந்த ஒரு மின்னொளிக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி. ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கோச் அண்ணன் எங்கள் பத்தாம் நம்பரை வெளியே கூப்பிட்டார். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகலாம். ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு வரட்டும் என்றுதான் கூப்பிட்டார். பையன் கோட்டைத் தாண்டியதும் ஜெர்சியைக் கழற்றித் தண்ணீர் கேன் மேல் எறிந்தான். பூட்டைக்கூடக் கழற்றவில்லை. ஸ்டட்ஸ் டக் டக்கென்று சிமெண்ட் படியில் இடிக்க ஏறிப்போய், பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. எங்களுக்கு முதல் பெனால்டி அடிக்கிறவன் அந்நேரம் ஒத்தக்கடையைத் தாண்டியிருப்பான். தோற்றோம்.

அடுத்த போட்டி மே மாதம். பன்னிரண்டு பேர் பட்டியலை ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நான் இந்த அணியின் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நுழைவுக் கட்டணம் வசூலிப்பது, வேன் பிடிப்பது, ஆட்டம் முடிந்தபின் புரோட்டாக் கடையில் கணக்கு முடிப்பது, இவ்வளவுதான். ஆனால் பட்டியல் எழுதும் பேனா என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பதினொரு பெயரை எழுதிவிட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன்.

"தூக்குங்கண்ணே அவனை. ஒருத்தன் பண்ணா நாளைக்கு ஒம்பது பேரும் பண்ணுவாய்ங்க" என்றான் கீப்பர். "தூக்கிட்டு? போன சீசன்ல நாம அடிச்ச பதினாலு கோல்ல ஒம்பது அவன் அடிச்சது. நீ போய் அடிப்பியா?" என்றான் லெஃப்ட் விங். டீ ஆறிப்போனது. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது.

இந்த மாதிரிச் சிக்கலுக்குக் கிளப் அணிகளைப் பார்த்து விடை தேடுவது வீண். கிளப்பில் ஒரு நட்சத்திரம் முறுக்கிக்கொண்டால் ஜனவரியில் அவரை விற்று, அந்தக் காசில் வேறொருவரை வாங்கிக்கொள்ளலாம். நாட்டு அணிக்குச் சந்தை கிடையாது. அந்த மண்ணில் இருக்கிறவர்களை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். எங்களுக்கும் அதே கதைதான்: செல்லூர், நரிமேடு, தத்தனேரி என்று பக்கத்துப் பக்கத்துத் தெருப் பையன்கள். அவனுக்குப் பதில் இன்னொருவனைத் திண்டுக்கல்லில் இருந்து கூட்டிவரலாம் என்றால் பஸ் காசுக்கே நாக்குத் தள்ளும். அப்புறம், உலகக் கோப்பை அணி ஒரே ஹோட்டலில் ஒரு மாதம் அடைந்து கிடக்கிறது. கல்யாண வீட்டில் சண்டை போட்ட மாமன் மச்சான் மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டே அதே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் நாட்டு அணிக் கோச்சுகள் என்ன செய்தார்கள், எது பலித்தது என்று ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்த்தேன்.

தூக்கிவிடுவதில் இருந்து தொடங்கலாம், எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதானே. 2018 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு முதல் ஆட்டம் நைஜீரியாவுடன். கடைசி நேரத்தில் இறக்கலாம் என்று நிகோலா காலினிச்சை வார்ம் அப் செய்யச் சொன்னார் கோச் ஸ்லாட்கோ டாலிச். முதுகு வலிக்கிறது, இறங்க முடியாது என்றார் காலினிச். அதற்கு முன் பிரேசிலுடன் ஆடிய நட்பு ஆட்டத்திலும் இதே முதுகுவலிதான். டாலிச் அதிகம் பேசவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாற்று ஆளைச் சேர்க்க விதி இடம் தரவில்லை. மீதி 22 பேருடனே ஆடினார்கள். டென்மார்க்குடன் பெனால்டி, ரஷ்யாவுடன் பெனால்டி, இங்கிலாந்துடன் கூடுதல் நேரம் என்று மூன்று ஆட்டம் தொடர்ந்து 120 நிமிடம் ஓடியவர்களுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் குறைவாக இருந்தது எவ்வளவு பெரிய பாரம் என்று நினைத்துப் பாருங்கள். இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிரான்ஸிடம் 4-2 என்று தோற்றார்கள், ஆனால் அந்தச் சின்ன நாட்டுக்கு அது தோல்வி மாதிரியே இல்லை.

இதைச் சொன்னதும் கீப்பர் மேசையைத் தட்டினான். "அதான்ணே!" கொஞ்சம் பொறு தம்பி, எட்டு வருடம் பின்னால் போகலாம் என்றேன்.

2010, தென்னாப்பிரிக்கா. மெக்சிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் பிரான்ஸ் அணியின் நிகோலா அனெல்கா கோச் ரேமோன் டொமெனெக்கைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அது பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க மறுத்தார், ஊருக்கு அனுப்பினார்கள். டாலிச் செய்த அதே காரியம்தான். மறுநாள் நைஸ்னா என்ற ஊரில் பயிற்சி. கேப்டன் எவ்ராவுக்கும் உடற்பயிற்சியாளருக்கும் எல்லார் கண் முன்னாலும் வாக்குவாதம் முற்றியது. வீரர்கள் மொத்தமாகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள், பயிற்சி கிடையாது என்று. அவர்கள் எழுதிக் கொடுத்த கண்டன அறிக்கையை வெளியே நின்ற பத்திரிகையாளர்களுக்கு வாசித்துக் காட்டியது யார் தெரியுமா? டொமெனெக்கே. தன்னை எதிர்த்து நடக்கும் வேலைநிறுத்தத்துக்குத் தானே செய்தித் தொடர்பாளராக நின்ற ஒரே கோச் அவராகத்தான் இருக்கும். அந்த அணி ஒரே ஒரு புள்ளியோடு குழுவில் கடைசியாக வந்து வீடு திரும்பியது. அனெல்காவுக்குப் பிறகு 18 ஆட்டத் தடை விதித்தார்கள், அவர் மீண்டும் பிரான்ஸுக்கு ஆடவே இல்லை.

ஒரே மருந்து. ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கியது, இன்னொருவருக்கு உயிர் போனது. அனுப்பப்பட்டவர்களில் யாருக்குத் திமிர் அதிகம் என்று அளந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. டொமெனெக்கின் நிலைமையைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2008 யூரோ கோப்பையில் அணி முதல் சுற்றிலேயே வெளியேறிய இரவு, டிவி கேமரா முன்னால் தன் காதலியிடம் "கல்யாணம் செய்துகொள்கிறாயா" என்று கேட்டவர் அவர். நாடு தலையில் அடித்துக்கொண்டது. 2010 போட்டி தொடங்கும் முன்பே, முடிந்ததும் அவர் போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். போகப்போகிற மனுஷன் பேச்சை யார் கேட்பார்கள்? அனெல்காவைப் பற்றிக் கேட்டபோது எவ்ரா, பிரச்சினை அனெல்கா இல்லை, உள்ளே நடந்ததை வெளியே சொன்ன துரோகிதான் என்றார். கோச் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை. டாலிச்சோ 2017 அக்டோபரில், தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்புதான் பொறுப்பேற்றவர். அந்த ஆட்டத்தை ஜெயித்து, அப்புறம் பிளே ஆஃபையும் தாண்டி அணியை ரஷ்யாவுக்குக் கூட்டிப்போனவர். மோட்ரிச் உட்பட மூத்தவர்கள் அவர் பக்கம். ஒருவரை அனுப்பினால் மீதிப் பேர் யாரைப் பார்ப்பார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைத்தது.

தூக்கிப் பெயர் வாங்கிய இன்னும் சிலர் உண்டு. 1996 யூரோவுக்கே கான்டோனாவையும் ஜினோலாவையும் ஒதுக்கிய ஏமே ஜாக்கே, பத்திரிகைகளின் வசவை வாங்கிக்கொண்டு 1998-இல் பிரான்ஸுக்குக் கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். 2006-க்குப் பிறகு ரௌலைக் கூப்பிடாத லூயிஸ் அரகோனெஸ் 2008-இல் ஸ்பெயினுக்கு யூரோவை வாங்கித் தந்தார். ரொமாரியோவைச் சேர்க்கச் சொல்லி நாடே கேட்டும் ஸ்கொலாரி மசியவில்லை, 2002-இல் பிரேசில் ஜெயித்தது. இவர்கள் எல்லாரும் போட்டிக்கு வெகு முன்பே முடிவெடுத்து, அந்த ஆள் இல்லாமல் ஆட அணியைப் பழக்கிவிட்டார்கள். ஜாக்கேவுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் கிடைத்தது. எங்களுக்கு இருந்தது நாலு வாரம். அதிலும் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஒரு பயலும் மைதானம் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

இதற்கு நேர் எதிரான வழி, அவனைச் சுற்றியே அணியைக் கட்டுவது. லெஃப்ட் விங் கேட்டது இதைத்தான். பிலார்டோ அர்ஜென்டினாவுக்குக் கோச் ஆனபோது கேப்டன் பட்டை, 1978-இல் கோப்பையைத் தூக்கிய பாசரெல்லாவிடம் இருந்தது. அதை மரடோனாவுக்கு மாற்றினார் பிலார்டோ. பாசரெல்லா மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! 1986-இல் மெக்சிகோவுக்குப் போய் வயிற்றுக் கோளாறில் விழுந்தவர், ஒரு ஆட்டமும் ஆடவில்லை. மரடோனா ஐந்து கோல் அடித்து, ஐந்து கோலுக்கு வழி செய்து கோப்பையோடு வந்தார். ஒருவனுக்கு முழுச் சுதந்திரம், மற்றவர்களுக்கு ஓட்டமும் உழைப்பும் என்று பங்கு பிரித்தார் பிலார்டோ, அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மெஸ்ஸி கதை இதைவிட நுணுக்கமானது. 2018-இல் சாம்பவோலியின் கீழ் அணி கலகலத்துப்போய்ப் பிரான்ஸிடம் 4-3 என்று தோற்றது. அடுத்து வந்த ஸ்கலோனியைப் பலர் தற்காலிக ஆளாகத்தான் பார்த்தார்கள். அவர் மெஸ்ஸியைச் சுற்றி, மெஸ்ஸிக்காக ஓடத் தயாரான இளம் ஆட்களை அடுக்கினார். 2021-இல் மரக்கானா மைதானத்தில் பிரேசிலை வென்று தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்கா, 28 வருடத்துக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பை. 2022-இல் கத்தாரில் முதல் ஆட்டத்திலேயே சவுதியிடம் தோல்வி. எல்லாரும் மெஸ்ஸியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பார்த்தது பெஞ்சை. ஸ்கலோனி அடுத்தடுத்த ஆட்டங்களில் பரேடஸையும் லவுதாரோ மார்டினஸையும் உட்காரவைத்துவிட்டு என்சோ ஃபெர்னாண்டஸ், மக்கலிஸ்டர், ஹூலியன் ஆல்வரஸ் என்று சின்னப் பையன்களை இறக்கினார். லவுதாரோ அந்த அணியின் முதல் ஸ்ட்ரைக்கர். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கால் இறுதியில் நெதர்லாந்துடன் பெனால்டிக்குப் போனபோது, பெஞ்சிலிருந்து வந்த பரேடஸும் லவுதாரோவும்தான் ஆளுக்கொன்று அடித்தார்கள். கடைசிப் பெனால்டி லவுதாரோவுடையது. நட்சத்திரத்தைச் சுற்றி அணியைக் கட்டும்போது நட்சத்திரத்தின் அகங்காரம் பெரிய தொந்தரவே இல்லை. அவனுக்கு அடுத்த படியில் நிற்கிறவனின் மனசுதான் தாங்க வேண்டும்.

எங்களிடம் அந்த லவுதாரோ யார்? யோசித்தேன். போன அரையிறுதியில் பத்தாம் நம்பர் போனபின் மூச்சிரைக்க ஓடி, பெனால்டியை வெளியே அடித்து, வேனில் திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தானே, அந்தப் பதினெட்டு வயசுப் பையன். ஜெர்சியை எறிந்தவனுக்கு அடுத்த மாதமே மாலை போட்டால் இவன் என்ன நினைப்பான்? இரண்டாவது வழியை அங்கேயே மூடிவைத்தேன்.

பெஞ்சில் உட்காரவைப்பது நடுவழி மாதிரித் தெரியும். 2022-இல் தென்கொரியாவுடனான ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டபோது ரொனால்டோ காட்டிய முகம் போர்ச்சுகல் கோச் சாண்டோஸுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் உட்காரவைத்தார். பதிலுக்கு இறங்கிய கோன்சாலோ ராமோஸ் மூன்று கோல் அடித்தார், சுவிட்சர்லாந்து 6-1 என்று நொறுங்கியது. ஆகா என்றார்கள். நாலு நாள் கழித்து மொராக்கோவிடம் 1-0 தோல்வி, அதே மாதம் சாண்டோஸும் வேலையை விட்டுப் போனார். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு: பெரிய ஆள் பெஞ்சில் உட்கார்ந்தால் அரங்கமே பெஞ்சைப் பார்க்கிறது.

மூத்த வீரர்களிடம் விட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். 2011-இல் ரியல் மாட்ரிட், பார்சிலோனா கிளப்புகளின் மோதல் உச்சத்தில் இருந்தபோது, மாட்ரிட்டுக்கும் ஸ்பெயினுக்கும் கேப்டனான கசியாஸ் தானே போனை எடுத்துப் பார்சிலோனா வீரர்கள் சாவியிடமும் புயோலிடமும் பேசி ஸ்பெயின் அணியைக் காப்பாற்றினார். அடுத்த வருடம் யூரோ கையில். அருமையான கதை. ஆனால் அதற்கு ஒரு கசியாஸ் வேண்டும். எங்கள் கேப்டனும் பத்தாம் நம்பரும் போன பொங்கலிலிருந்தே பேசிக்கொள்வதில்லை.

இதற்குள் ஒருநாள் டவுன்ஹால் ரோடு பக்கம் அவன் வேலை பார்க்கும் செல்போன் கடைக்குப் போனேன். ஒரு அம்மாவின் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். நகத்தால் மூலையைத் தூக்கி, துணியால் துடைத்து, ஒரு தூசு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு மறுபடி உரித்து ஒட்டினான். தலையைத் தூக்காமலேயே பேசினான். "ஆறு மணி மேட்சுண்ணே. அஞ்சே முக்காலுக்கு வேன் போய்ச் சேருது. வார்ம் அப் இல்ல. கெண்டைக்கால் இழுத்துச்சு, ஸ்ப்ரே கேட்டேன், இல்லன்னுட்டீங்க. அதோட ஓடுனேன். அதுக்கு அவரு, ஊரே பாக்க, 'நடக்குறதா இருந்தா வெளிய வாடா'ங்குறாரு." அந்த அம்மா காசு கொடுத்துவிட்டுப் போன பிறகு சொன்னான்: "ஜெர்சிய எறிஞ்சது தப்புதான்."

வேன் பிடித்தது நான். ஸ்ப்ரே வாங்காததும் நான்தான்.

ராய் கீன் நினைவுக்கு வந்தார். 2002 உலகக் கோப்பைக்கு முன் அயர்லாந்து அணி சைபன் தீவில் முகாம் போட்டது. பயிற்சிக்கான பந்தும் உடையும் நேரத்துக்கு வந்து சேரவில்லை, தரை கட்டாந்தரை. கேப்டன் கீன் பேட்டியில் போட்டு உடைத்தார். கோச் மிக் மெக்கார்த்தி எல்லா வீரர்கள் முன்னாலும் கீனைக் கேள்வி கேட்க, கீன் அவரைக் கிழித்து எறிய, கப்பல் ஏற்றிவிட்டார்கள். கீன் இல்லாத அயர்லாந்து ஜெர்மனியுடன் கடைசி நிமிட கோலில் டிரா செய்தது, இரண்டாம் சுற்றில் ஸ்பெயினிடம் பெனால்டியில்தான் தோற்றது. மோசமில்லை. ஆனால் பிறகு நடந்த விசாரணை அறிக்கை, ஏற்பாடுகளில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. கீன் சொன்ன முறை தப்பு, விஷயம் சரி. அந்தச் சண்டை நாலு சுவருக்குள் இருவருக்கு இடையே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அயர்லாந்துக்காரர்கள் ரொம்ப காலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பிடித்துப்போன வழி டச்சுக்காரர்களுடையது. தமக்குள் சண்டை போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 1996 யூரோவில் எட்கர் டேவிட்ஸ், கோச் ஹிட்டிங்க் சில மூத்த வீரர்களுக்கு அடங்கிப்போகிறார் என்று பச்சையாகச் சொன்னார். பின்னணியில் அயாக்ஸ் கிளப்பில் இளம் வீரர்களுக்கும் மூத்தவர்களுக்கும் சம்பளத்தில் இருந்த இடைவெளி புகைந்துகொண்டிருந்தது. ஹிட்டிங்க் அவரைப் போட்டி நடுவில் ஊருக்கு அனுப்பினார். வழக்கமாகக் கதை இங்கே முடியும். ஆனால் 1998 உலகக் கோப்பைக்கு அதே ஹிட்டிங்க், அதே டேவிட்ஸைத் திரும்பக் கூப்பிட்டார். யூகோஸ்லாவியாவுடனான இரண்டாம் சுற்று ஆட்டத்தில் 90 நிமிடம் தாண்டியபின் தூரத்திலிருந்து டேவிட்ஸ் அடித்த பந்துதான் அணியைக் காப்பாற்றியது. அரையிறுதி வரை போனார்கள். தண்டனையும் கிடைத்தது, கதவும் திறந்தே இருந்தது. கோச்சும் தன் வார்த்தையை விழுங்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இது ஹிட்டிங்க் மாதிரி மீதிப் பேரைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் முடியும். அதனால் பதினொரு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். அவன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லை; அப்படிக் கேட்டால் கட்சி பிரிந்துவிடும். "கோச் அண்ணன் எந்த முடிவு எடுத்தாலும் நீ அவர் பக்கம் நிப்பியா?" என்று மட்டும் கேட்டேன். பத்துப் பேர் யோசிக்காமல் நிற்போம் என்றார்கள். பதினொன்றாவது ஆள் அவனுடைய சித்தி மகன். அவன் சிரித்துவிட்டு, "நீங்க வேன மொதல்ல வெரசா கொண்டாங்கண்ணே" என்றான்.

பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றால் எங்கள் அண்ணன் டொமெனெக் இல்லை. அவனைத் தூக்கினாலும் அணி உடையாது. உடையாது என்றால் தூக்க அவசரமும் இல்லை. பட்டியலில் பெயர் இருக்கும், முதல் ஆட்டத்தில் இறங்க மாட்டான், அந்தப் பதினெட்டு வயசுப் பையன் இறங்குவான், இவன் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பான் என்று ஒரு கணக்கு சொன்னேன். கோச் அண்ணன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அவன் மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். பிராக்டிசுக்கு நேரத்துக்கு வரச் சொல்லு" என்றார். பதிலுக்கு, இனி ஊர் முன்னால் பையன்களைத் திட்டக்கூடாது என்று நான் சொல்ல, முறைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிப் பிராக்டிசுக்கு ஐந்து ஐம்பதுக்கே வந்து நின்றான். அண்ணன் அவனைப் பார்க்காத மாதிரி செம்மண்ணில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவன் மீதிக் கூம்புகளை எடுத்து எதிர் முனையிலிருந்து வைக்க ஆரம்பித்தான். இடைவெளி கோணலாகப் போனது.

"ரெண்டடி தள்ளி வைடா."

தள்ளி வைத்தான். பன்னிரண்டாவது பெயரை அன்று மத்தியானம் எழுதினேன். ஸ்ப்ரே இரண்டு டின் வாங்கியாயிற்று. வேனை நாலரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.